மெஸ்காரருக்கு வாய்தா

அரியலூர் கோர்ட்டுக்கு எதிர்ச் சந்தில் காத்தாயி மெஸ் என்று ஒரு சாப்பாட்டுக் கடை. சின்ன இடம்தான். சிமெண்டு லாரி போகிற ரோடு பக்கத்திலேயே இருப்பதால், இலை போட்டதும் ஒரு தரம் தண்ணீர் தெளித்துத் துடைத்துவிட்டுத்தான் சோறு வைப்போம். இல்லாவிட்டால் பல்லில் நறநறக்கும். மெஸ்ஸை நடத்துகிறவர் என் வீட்டுக்காரர். பேர் செல்லமுத்து. எங்கள் பக்கத்தில் புருஷன் பேரைப் பெண்கள் வாயால் சொல்வதில்லை. ரேஷன் ஆபீஸில் கேட்டால்கூட எங்கள் மகள் தென்றலைத்தான் முன்னால் தள்ளுவேன். எழுதினால் குற்றமில்லை என்று நினைத்து எழுதுகிறேன்.

வக்கீல்மார், குமாஸ்தாமார், கேஸுக்கு வந்த ஜனங்கள் எல்லாரும் மத்தியானம் எங்கள் கடைக்குத்தான் வருவார்கள். ஒருத்தருக்கும் அவர் பேர் தெரியாது. கடைக்கு வைத்தது அவர் அம்மா கும்பிட்ட சாமியின் பேர். ஆளுக்கு அவர்கள் வைத்த பேர் மெஸ்காரர். தொண்ணூற்றாறில் கடை திறந்ததில் இருந்து அப்படித்தான்.

அவர் உடையார்பாளையம் பக்கத்துக் கிராமத்துக்காரர். அரியலூர் காலேஜில் பி.ஏ. முடித்துவிட்டு, எழுபத்தொன்பதில் வக்கீலுக்குப் படிக்கத் திருச்சிக்குப் போனார். அவர் ஊரில் அதற்கு முன்னால் யாரும் அந்தப் படிப்புக்குப் போனதில்லை. முதல் வருஷம் ஒழுங்காக முடிந்தது. இரண்டாம் வருஷம் தொடங்கின கொஞ்ச நாளில் அவர் அப்பாவை முந்திரிக் காட்டில் பாம்பு தீண்டிவிட்டது. காரியத்துக்கு வந்தவர் திருச்சிக்குத் திரும்பவில்லை. தங்கச்சியைக் கட்டிக்கொடுக்க வேண்டியிருந்தது, காட்டைப் பார்க்க வேண்டியிருந்தது. அப்புறம் என்னைக் கட்டிவைத்தார்கள். காடு பங்காளி வழக்கில் போனது. அரியலூருக்கு வந்து ஒரு ஓட்டலில் சரக்கு மாஸ்டருக்குக் கையாளாக நின்று வேலை பழகினார். பிறகு சொந்தக் கடை.

படிப்பு போனதற்கு அவர் வருத்தப்பட்டு நான் பார்த்ததில்லை. மெஸ் நன்றாக ஓடியபோது சந்தோஷப்பட்டும் பார்த்ததில்லை. தென்றல் பிறந்த அன்று ஆஸ்பத்திரிக்கு வந்தார், பார்த்தார், "கஞ்சி எடுத்துட்டு வரேன்" என்று போனார். கல் மனசு என்று என் அம்மா சொல்லும். கல் இல்லை. மரத்துப்போன கால் மாதிரி. கிள்ளினால் அதற்குத் தெரியாது, ஆனால் நடக்கும்.

கடை திறந்து ஒன்றிரண்டு வருஷம் கழித்துச் சிவசுப்பிரமணியன் என்று ஒரு வக்கீல் ஜெயங்கொண்டத்தில் இருந்து இந்தக் கோர்ட்டுக்கு வந்து சேர்ந்தார். நல்ல மனுஷர். முதல் நாள் அவருக்குச் சோறு போட்டுவிட்டு உள்ளே வந்த என் வீட்டுக்காரர், சாம்பாரை வாளியில் மொண்டுகொண்டே சொன்னார்.

"அந்த ஆளு திருச்சியில எங்க செட்டு. அவரு வேற பிரிவு. என்னைத் தெரியாது."

"நீங்க சொல்ல வேண்டியதுதானங்க?"

"சொல்லி?"

அவ்வளவுதான். அதற்கப்புறம் பத்து வருஷம் அவருக்குச் சோறு போட்டார்.

இரண்டாயிரத்து ஏழில், அரியலூர் மறுபடி தனி மாவட்டம் ஆகப்போகிறது என்று பேச்சாக இருந்த சமயம். ஜில்லா கோர்ட்டு வரும் என்று வக்கீல்மார் எல்லாம் முகமலர்ச்சியாக இருந்தார்கள். ஒரு நாள் சிவசுப்பிரமணியன் சார் தஞ்சாவூரில் இருந்து வந்த ஒரு வக்கீலோடு சாப்பிட வந்தார். அவர் பேர் ராசாங்கம். குரல் சந்து முனை வரைக்கும் கேட்கும்.

"மெஸ்காரரே, ஒரு பெரிய ஆர்டரு" என்றார் சிவசுப்பிரமணியன் சார். "எங்க செட்டு படிச்சு முடிச்சு இருபத்தஞ்சு வருசம் ஆச்சு. வருசம் ஒரு ஊர்ல கூடுவோம். இந்தத் தடவ நம்ம ஊரு. ஞாயித்துக்கெழம, கல்யாண மண்டபத்துல. சாப்பாடு உங்க பொறுப்பு."

"செஞ்சிடலாங்க" என்றார் இவர்.

"வடையில மட்டும் கை வச்சிராதீங்க" என்றார் ராசாங்கம். "போன வருசம் கும்மோணத்துல ஒரு வடை போட்டான் பாருங்க, அத வச்சு ஒரு கொலைக் கேசே நடத்தலாம்."

சாப்பிட்டுக்கொண்டே இரண்டு பேரும் நிகழ்ச்சியை எல்லாம் பேசினார்கள். அவர்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. கூட்டத்தில் கிளாஸில் பேர் கூப்பிடுகிற மாதிரி முதல் வருஷத்து வரிசைப்படி எல்லார் பேரையும் கூப்பிடுவார்கள். கூப்பிடுகிறவர் ராசாங்கம். கோர்ட்டு டவாலி போலச் சிவப்புப் பட்டை எல்லாம் மாட்டிக்கொண்டு, பேரை மூன்று தரம் இழுத்துக் கூப்பிடுவாராம். வந்தவர் எழுந்து "ஆஜர்" என்று சொல்ல வேண்டும். வராதவருக்கு அவர் சிநேகிதர் யாராவது "வாய்தா" என்று சொல்லலாம்.

"சத்தமே வரலேன்னா?" என்று பக்கத்து மேசையில் இருந்த குமாஸ்தா கேட்டார்.

"ஆளு மேல்கோர்ட்டுக்குப் போயிட்டான்னு அர்த்தம்" என்று ராசாங்கம் கையை ஆகாசத்துக்குக் காட்டினார். "அப்ப மொத்த சபையும் எந்திரிச்சு நின்னு அவனுக்காக 'ஆஜர்' சொல்லும். அப்பறம் அந்தக் குடும்பத்துக்கு நம்ம நிதியில இருந்து உதவி. அதுக்குத்தான் வருசா வருசம் கவுன விரிச்சுப் புடிச்சுக்கிட்டு பிச்ச எடுக்கறேன்."

இவர் மோர் வாளியோடு நின்றுகொண்டிருந்தார். சோறு போடும்போது யாரோடும் பேச மாட்டார். அன்றைக்குக் கேட்டார்.

"பாதியில விட்டவங்க பேரும் கூப்புடுவீங்களா?"

"முதல் வருசத்து வரிசைன்னா எல்லாந்தான். ஒரு வருசம் ஒண்ணா உக்காந்தாப் போதும், அவனும் நம்ம செட்டுதான்" என்றார் ராசாங்கம். "மோர ஊத்துங்க, கைய எவ்ளோ நேரம் குழிச்சு வச்சிருக்கறது."

அன்று கடை சாத்தினதும் என்னிடம் சொன்னார்: "என் நம்பரு அறுபத்தி நாலு."

"இப்பவே சார்கிட்ட போயிச் சொல்லிருங்களேன். நம்மளத்தான் அவருக்குத் தெரியுமே."

"கூப்புடறப்ப சொல்லிக்கலாம்."

அவர் ஒன்று வேண்டும் என்று கேட்டு நான் கண்டதில்லை. இதையும் கேட்கவில்லை. ஆனால் அந்த வாரம் டவுனுக்குப் போய் வெள்ளை முழுக்கைச் சட்டை ஒன்று எடுத்துவந்தார். எங்கள் கல்யாணத்துக்கு அப்புறம் அவர் தனக்கென்று எடுத்த முழுக்கைச் சட்டை அது ஒன்றுதான். குளிக்கும்போது தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவில் "ஆஜர்" என்று மெதுவாக ஒரு தரம் கேட்டது. நான் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. சாமி படத்துக்கு முன்னால் நின்று, தாயே, அந்த ஒரு சொல் அவர் வாயில் நல்லபடியாக வரட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை விடியும் முன்னே மண்டபத்தில் அடுப்பு மூட்டினோம். கடையில் வேலை செய்கிற கண்ணையன், இன்னும் கூலிக்கு நாலு பேர், நான், அவர். சென்னையில் இருந்து ராத்திரி ரயிலில் வந்தவர்கள் டிபனுக்கு வந்துவிட்டார்கள். தலை நரைத்த ஆட்கள், ஒருத்தரை ஒருத்தர் "டேய்" என்று கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். ஒருத்தர் ஜட்ஜாம். அவரைப் போய் இன்னொருத்தர், "டேய் சொட்ட, அன்னைக்கு என் சைக்கிளத் தொலச்சியே, தீர்ப்பு எப்பச் சொல்லுவ?" என்று கேட்டார். ஜட்ஜ் சிரித்தார்.

இவர் வெள்ளைச் சட்டையில் கையை மடித்துவிட்டுக்கொண்டு இட்டிலி வைத்தார். தோளில் துண்டு. சட்டையில் சட்னி தெறிக்காமல் கவனமாக இருந்ததை நான் பார்த்தேன்.

பதினோரு மணிக்கு மேல் கூட்டம். யார் மகன் எங்கே வேலையில் இருக்கிறான், யாருக்கு ஆபரேஷன் நடந்தது, படித்த காலேஜுக்கு என்ன வாங்கிக் கொடுக்கலாம் என்று மைக்கில் பேச்சு. பிறகு ராசாங்கம் தன்னுடைய கறுப்புக் கவுனை ஏந்தி, ஒரு முனையை இன்னொருத்தர் பிடிக்க, வரிசை வரிசையாக வந்தார்.

"கட்சிக்காரன்கிட்ட நீளுதுல்ல அந்தக் கை, இப்பயும் கொஞ்சம் நீளட்டும்! ஏய், செக்கப் போடறியா, பவுன்சாச்சுன்னா உன் மேல நானே கேசு போடுவேன்!"

எல்லாரும் சிரித்துக்கொண்டே போட்டார்கள். தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்த இவர், கவுன் பக்கத்தில் வந்ததும், சட்டைப் பையில் தயாராக மடித்து வைத்திருந்ததை எடுத்துப் போட்டார்.

ராசாங்கம் குனிந்து அதை எடுத்து அவர் பையிலேயே திரும்ப வைத்தார். "அட, நீங்க எதுக்கு மெஸ்காரரே? உங்களுக்குத்தான் நாங்க குடுக்கணும்." பாசமாகத் தோளைத் தட்டினார். இவர் தலையை ஆட்டினார்.

அப்புறம் பேர் கூப்பிட ஆரம்பித்தார்கள். நேரமாகிவிட்டது, பந்தி போட்டுக்கொண்டே கூப்பிடலாம் என்று யாரோ சொல்ல, இலை விழுந்தது. ராசாங்கம் சிவப்புப் பட்டையோடு மைக்குக்கு முன்னால் நின்று டவாலி போல இழுத்தார். ஒவ்வொரு பேருக்கும் ஒரு கூத்து. "ஆஜர்" என்றதும் கைதட்டினார்கள். "வாய்தா" என்றால், "எத்தன வாய்தாடா வாங்குவான்?" என்று கத்தினார்கள். ஏழெட்டுப் பேருக்குச் சத்தம் வரவில்லை. அப்போது சோற்றில் கை வைத்திருந்தவர்கள்கூட எழுந்து நின்று, ஒரே குரலாக "ஆஜர்" என்றார்கள். ஒரு நிமிஷம் மண்டபமே அமைதியாக இருக்கும். மறுபடி சிரிப்பு.

நான் சமையல் கட்டு வாசலில் ரச அண்டா பக்கத்தில் இருந்தேன். அவர் பந்தி நடுவில், சாம்பார் வாளியோடு. நம்பர் அறுபதைத் தாண்டினது. வாளியை எடுத்துக்கொண்டு மேடைப் பக்கமாக நகர்ந்து ஒரு தூண் ஓரம் நின்றார்.

"செல்லமுத்தூ!"

அவர் வாளியைக் கீழே வைத்தார். துண்டில் கையைத் துடைத்தார்.

"செல்லமுத்தூ!"

மடித்திருந்த கையை இறக்கிவிட்டுப் பொத்தான் போட்டார். ஒரு கைதான் போட்டு முடித்தார். வாயைத் திறந்ததைப் பார்த்தேன்.

"மெஸ்காரரே, செத்த நகந்துக்கங்க, மறைக்குது" என்றார் போட்டோக்காரர்.

அவர் நகர்ந்தார். சட்டென்று, பந்தியில் நகருகிற மாதிரியே, வாளியையும் எடுத்துக்கொண்டு இரண்டு எட்டுப் பின்னால் போனார்.

"செல்லமுத்தூ!"

இதோ நிற்கிறார் என்று கத்தலாம். யார் நிற்கிறார் என்று சொல்ல வேண்டுமே. அந்தப் பேர் என் நாக்குக்குப் பழக்கமில்லை. அவருடைய உதடு அசைந்தது. சத்தம் வந்ததா என்று தெரியாது. வந்திருந்தாலும் அவ்வளவு பெரிய மண்டபத்தில் கேட்டிருக்காது.

"யாருப்பா அது?" என்று ஒருத்தர் கேட்டார்.

"ஏ பிரிவு. ஒல்லியா இருப்பான். ரெண்டாம் வருசம் ஆளையே காணோம்" என்றார் இன்னொருத்தர். "பாவம், போயிட்டான் போல."

நாற்காலிகள் பின்னால் நகர்ந்தன. எல்லாரும் எழுந்து நின்றார்கள். ஜட்ஜ்கூட நின்றார். "ஆஜர்" என்றார்கள். பெரிய சத்தம். அப்புறம் அமைதி.

அந்த அமைதியில் அவரும் தலையைக் குனிந்து நின்றார், மற்றவர்கள் நின்ற மாதிரியே. என் கை தானாகத் தாலியைப் பிடித்துக்கொண்டது.

"அறுபத்தி அஞ்சு!" என்றார் ராசாங்கம். எல்லாரும் உட்கார்ந்தார்கள். "சாம்பார் இங்க வரட்டும்" என்று ஒரு குரல். அவர் போனார்.

கடைசிப் பந்தி முடிகிற நேரம் சிவசுப்பிரமணியன் சார் சமையல் கட்டுக்கு வந்தார். "சாப்பாடு பிரமாதம் மெஸ்காரரே. அந்த ரசத்துக்கு அம்மாவுக்குத்தான் நன்றி சொல்லணும்" என்றார் என்னைப் பார்த்து. பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"ஒரு விசயம். நீங்க உடையார்பாளையம் பக்கந்தான? செல்லமுத்துன்னு ஒருத்தரு, எங்களோட திருச்சியில படிச்சவரு. அவரும் அந்தப் பக்கம்னு இப்பத்தான் ஒருத்தர் சொன்னாரு. தவறிட்டாராம். குடும்பம் எங்க இருக்குன்னு கேட்டுச் சொல்லுவீங்களா? கவுன்ல வந்ததுல அவங்களுக்கும் ஒரு பங்கு குடுக்கணும். புள்ளைங்க படிச்சிட்டிருந்தாச் செலவுக்கு ஆகும்."

அவர் மிச்சச் சோற்றை ஒரே பாத்திரத்தில் சேர்த்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"அவரு தவறலீங்க" என்றேன் நான்.

"அப்படியா? உங்களுக்குத் தெரியுமா?"

"நல்லாத் தெரியுங்க. இருக்காருங்க. பொண்ணு ஒண்ணு, காலேஜுல படிக்குது."

"அட ஆண்டவா, உசுரோட இருக்கறவனுக்குப் போயி எந்திரிச்சு நின்னுட்டமே!" என்று சார் நெற்றியில் அடித்துக்கொண்டார். "எங்க இருக்காரு இப்ப?"

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். இப்போது சொன்னாலும் போதும். சார் முன்னால்தான் நிற்கிறார். தூரம் ஒரு கை எட்டுகிற தூரம்.

அவர் நிமிர்ந்தார். சட்டையைப் பார்த்துக்கொண்டார். வயிற்றுப் பக்கம் சாம்பார் வழிந்திருந்தது. ஒரு கை பொத்தான் போட்டபடி, ஒரு கை மடித்தபடி.

"பக்கத்துலதாங்க" என்றார். "இன்னைக்கு வேலையாப் போச்சு அவருக்கு. வர முடியல."

"அப்படிப் போடுங்க. அப்ப வாய்தா!" என்று சார் சிரித்தபடி உள்ளே ஓடினார். கொஞ்ச நேரத்தில் மைக்கில் அவர் குரல் கேட்டது. "நண்பர்களே, ஒரு திருத்தம். நம்ம செல்லமுத்து உயிரோட, நல்லா இருக்காராம். சாட்சி இருக்கு. அவருக்கு வாய்தா குடுத்தாச்சு!" மண்டபம் முழுக்கச் சிரிப்பும் கைதட்டலும். விசில்கூட அடித்தார்கள்.

இவர் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு கைதட்டல் முடிகிற வரைக்கும் நின்று கேட்டார்.

"மொதலாளி, அண்டாவக் கழுவிரலாமா?" என்று கண்ணையன் கேட்டான்.

"கழுவு" என்றார்.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றிச் சோப்புத் தண்ணீரில் போட்டார். சாப்பிட்டார். படுத்தார். தூங்கிவிட்டார் என்றுதான் நினைக்கிறேன். எனக்குத்தான் அந்தச் சத்தம் காதில் இருந்து போகவில்லை. இருக்கிற மனுஷனுக்காக அத்தனை பேர் எழுந்து மௌனமாக நின்றுவிட்டார்கள். தெரியாமல் செய்ததுதான், நல்ல மனசோடு செய்ததுதான். ஆனாலும் அப்படியே விடக்கூடாது என்று பட்டது. மறுநாள் திங்கட்கிழமை. சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில் திங்களும் வெள்ளியும்தான் நடை திறக்கும்.

"சிறுவாச்சூரு போயிட்டு வந்துருவமா?" என்றேன் காலையில்.

"கோர்ட்டு நாளாச்சே."

"ஒரு நாளைக்குச் சாத்திக்கலாங்க."

பெரம்பலூர் போய் பஸ் மாறிப் போனோம். கோயிலில் மாவிடித்து விளக்குப் போட்டேன். பிறகு தேங்காய் பழத் தட்டோடு வரிசையில் நின்றோம். தென்றல் வரவில்லை, அவளுக்குப் பரீட்சை.

பூசாரி தட்டை வாங்கிக்கொண்டு, "யாரு பேருக்கு?" என்றார்.

அவர் அம்மன் முகத்தைப் பார்த்தபடி நின்றார். சாமியைப் பார்க்கிறாரா, வெறுமனே நிற்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை.

"பேரு சொல்லுங்கய்யா. பின்னாடி ஆளு நிக்கிது."

பூசாரி தட்டை அடுத்தவர் பக்கம் திருப்பப் போனார்.

"செல்லமுத்து" என்றேன் நான்.

வாய் கூசும் என்று நினைத்திருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. மற்ற எல்லாப் பேரும் வருகிற மாதிரியே வந்தது. பூசாரி அந்தப் பேரை அம்மனிடம் சொன்னார். அவர் திரும்பி என்னை ஒரு தரம் பார்த்தார். பிறகு, "அவிட்டம்" என்று தன் நட்சத்திரத்தைத் தானே சொன்னார்.

பஸ்ஸில் வரும்போது ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "சத்தமாவே சொல்லிட்ட" என்றார்.

"கூட்டம் நின்னுச்சுல்லங்க" என்றேன்.

செவ்வாய்க்கிழமை கடை திறந்தோம். மத்தியானம் சிவசுப்பிரமணியன் சார் வந்தார். "நேத்து கடை இல்லாம கோர்ட்டே பட்டினி மெஸ்காரரே" என்றார். சாப்பிட்டு, மோருக்குக் கையைக் குழித்தபோது ஞாபகம் வந்தவராகச் சொன்னார்.

"அந்தச் செல்லமுத்துவப் பாத்தீங்கன்னா சொல்லுங்க. அடுத்த வருசம் தஞ்சாவூர்ல கூடறோம். கண்டிப்பா வரணும்னு சொல்லுங்க. ரெண்டாவது வாய்தா கெடையாது."

"சொல்றேங்க" என்று சொல்லி மோரை ஊற்றினார்.

வெள்ளைச் சட்டையில் சாம்பார்க் கறை முழுதாகப் போகவில்லை. நீலம் போட்டு இன்னொரு தரம் அலசி, மடித்துப் பெட்டியில் வைத்திருக்கிறேன். எங்கே என்று அவர் கேட்கவில்லை.